தப்புக்கு ஒரு கேக்

அந்த நாய் படுக்கவில்லை.

கூண்டின் மூலையில், முகத்தைச் சுவருக்குக் கொடுத்து, குட்டைக் கால்கள் நான்கையும் அகட்டி நின்றுகொண்டிருந்தது. மெத்தை இருந்தது. போர்வை இருந்தது. கிண்ணத்தில் வேகவைத்த கோழி ஆறிப்போய்க் கிடந்தது. நாய்க்குத் தூக்கம் சொக்கும், கால்கள் மடங்கும், வயிற்றுத் தையல் மெத்தையில் பட்டதும் விதிர்விதிர்த்து எழுந்து நிற்கும். மறுபடி சொக்கும். மறுபடி எழும்.

சிஸ்ஸெல் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சைக்கிளில் வாங்கி வந்த மழை தரையில் சொட்டியது. இடுப்பெலும்பு உடைந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஃபாரோ தீவுக்குப் போனவள், நீண்ட விடுப்பு முடிந்து இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். டென்மார்க்கின் ஃபூன் தீவில், தென்கரையில் இருக்கும் இந்த விலங்கு மருத்துவமனையின் தலைமை மயக்க மருத்துவர் அவள்.

கூண்டின் பெயர்ச்சீட்டைப் படித்தாள். "இந்த மூஸுக்கு என்ன ஆபரேஷன்?"

"மடியில புற்றுக்கட்டி. ஒரு பக்கத்து முலை வரிசையை முழுசா எடுத்தாச்சு" என்றான் யெப்பே. விடுப்பில் அவள் இடத்தைப் பார்த்துக்கொண்டவன். கையில் காப்பிக் கோப்பை, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வலிக்கு?"

"மாத்திரை. வீக்கத்துக்குக் குடுக்கிறதுதான்."

"அதோட?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? நெஞ்சுலேருந்து தொடை வரைக்கும் அறுத்துட்டுப் பல்வலி மாத்திரையா? உன் வயித்தை அப்படி அறுத்தா நீ சும்மா இருப்பியா?"

"என்கிட்ட ஏன் பாயிற? கதவைப் பாரு."

பார்த்தாள். அறுவை அறையின் கதவில் பளபளக்கும் அட்டை. 'புற்றுக்கட்டி அறுவை எதிலும் அபின் வகை வலிமருந்து தரக்கூடாது. நோய் எதிர்ப்பைக் கெடுக்கும். — ஹோல்கர்.'

சிஸ்ஸெல் எழுந்தாள். மருந்து அலமாரியைத் திறந்தாள். அபின் வகை மெத்தடோன் குப்பி, சின்ன ஊசி.

"சிஸ்ஸெல்... விதி..."

"விதியை நீ பிடிச்சுக்கோ. நான் நாயைப் பிடிச்சுக்கிறேன்."

யெப்பேவின் காப்பி ஆறுவதற்குள் மூஸின் தலை தாழ்ந்தது. முன்னங்கால்கள் மடங்கின. வயிறு மெத்தையில் பட்டது. இந்தத் தடவை எழவில்லை. உடம்பு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டு அது மூக்கைப் போர்வைக்குள் புதைத்துக்கொண்டது.

யெப்பே கோப்பையைக் கீழே வைத்தான்.

*

காத்திருப்பு அறையில் தோர்வால் உட்கார்ந்திருந்தார். படகுச் சேவையில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலடியில் பெர்லே, கறுப்பு வெள்ளை வேட்டை நாய். சிஸ்ஸெலைப் பார்த்ததும் அதன் வால் தரையைப் பெருக்கியது.

இந்த மருத்துவமனையில் பெர்லேயைத் தெரியாதவர் கிடையாது. எத்தனையோ வருஷமாக ரத்தம் கொடுத்த நாய் அது. கார் அடித்த நாய், எலிப் பாஷாணம் தின்ற நாய் என்று எது வந்தாலும் தோர்வாலுக்குத்தான் போன் போகும். மனுஷன் சைக்கிளின் முன்பெட்டியில் பெர்லேயை உட்கார வைத்துக்கொண்டு மழையோ பனியோ வந்து நிற்பார். மேஜையில் ஏறிக் கழுத்தை நீட்டிக்கொண்டு அது அசையாமல் படுத்திருக்கும். கூலி ஒரு துண்டு ஈரல் பசை ரொட்டி.

அந்த நாயின் மடியில் இப்போது வரிசையாக முடிச்சு முடிச்சாகக் கட்டிகள்.

"பொண்ணே, வந்துட்டியா! இனி எனக்குக் கவலை இல்லை" என்றார் தோர்வால். "அந்தப் பையன் நல்லவன்தான். ஆனா கேள்வி கேட்டா கதவையே பாக்கிறான்."

"என்ன கேட்டீங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சு இவளுக்கு வலிக்குமான்னு கேட்டேன். என்ன தப்பு அதுல? என் பக்கத்து வீட்டுக்காரி நாயைப் போன மாசம் இங்கேதான் அறுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சோபாவுக்குக் கீழேயே கிடந்துச்சு. தொட்டா கடிக்க வந்துச்சாம். அது ஜென்மத்துல யாரையும் கடிச்சதில்லை." நாயின் காதைத் தடவிக்கொண்டே தலையைக் குனிந்தார். "இவளுக்கு அப்படி ஆகும்னா சொல்லிடு. இப்பவே கூட்டிட்டுப் போயிடுறேன். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

"கூட்டிட்டுப் போகாதீங்க. கட்டி நிக்காது, பரவும்."

"அப்போ வலிக்குமா, வலிக்காதா?"

"வலிக்காம நான் பாத்துக்கிறேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். எப்படிக் காப்பாற்றப் போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

*

ஹோல்கர் கை கழுவும் தொட்டி அருகில் விசிலடித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவர். உயரம், வெள்ளைத் தாடி, எல்லோரையும் தோளில் தட்டும் கை.

"சிஸ்ஸெல்! ஃபாரோ காத்து ஒத்துக்கிச்சு போல. கன்னமெல்லாம் சிவந்திருக்கு!"

"காத்துல சிவக்கலை, ஹோல்கர். மூஸ் விடிய விடிய நின்னிருக்கு. நான் மெத்தடோன் போட்டேன். படுத்துடுச்சு."

விசில் நின்றது. "விதியை மீறிட்ட."

"மீறிட்டேன். திரும்பவும் மீறுவேன்."

"கோபத்தைக் கொஞ்சம் கழுவிட்டுக் கேளு." குழாயை அவள் பக்கம் திருப்பினார். "கட்டியை அறுக்கும்போது நாலு புற்றணு ரத்தத்துல தப்பி ஓடும். அதைத் துரத்திப் பிடிக்கிற காவல்காரன் யாரு? வெள்ளணு. நாம குடுக்கிற அபின் மருந்து, ஃபென்டனில், அந்தக் காவல்காரனைத் தூங்க வைக்குது. நீ இல்லாதப்போ நாங்களே ஆராய்ச்சி பண்ணிப் பாத்தோம். வலிமருந்து குடுத்த நாய்கள்ல வெள்ளணு சோர்ந்துபோச்சு. குடுக்காத நாய்கள்ல சோரலை."

"ஃபென்டனில் கொஞ்சம் சோர வைக்கும். இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா வலியும் அதே காவல்காரனைத்தான் அடிச்சுப் போடுது. வலிச்சா கார்ட்டிசால் ஏறும், கார்ட்டிசால் ஏறினா வெள்ளணு படுத்துடும். அதை ஏன் விட்டுட்ட?"

"விடலை! அதுதான் வேடிக்கையே. வலிமருந்து இல்லாத நாய்கள்ல கார்ட்டிசால் ஏறவே இல்லை. ஒரு துளிகூட. அப்போ என்ன அர்த்தம்? மயக்கத்துல இருக்கிற உடம்புக்கு வலி எட்டவே இல்லை." ஹோல்கர் சிரித்தார். "வளர்ப்பு நாய்க் காப்பீட்டுக் கம்பெனிக்காரங்க துள்ளிக் குதிக்கிறாங்க. மருந்தும் வேண்டாம், ராத்திரி கண்காணிப்பும் வேண்டாம்னு நாடு முழுக்க இதையே விதியாக்கப் போறாங்க. மாநாட்டுல எனக்கு மேடை வேற."

சிஸ்ஸெல் குழாயை இறுக்கி மூடினாள்.

வயிற்றை நீளவாட்டில் பிளக்கிறார்கள். உடம்பு அதைக் கவனிக்கவே இல்லையாம். சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நகக்கண்ணில் முள் குத்தினாலே கார்ட்டிசால் என்ற அபாய ஹார்மோனைக் கொட்டுகிற சுரப்பி, குறட்டை விட்டுத் தூங்கியதாம். வீடு எரிகிறது, சைரன் கேட்கவில்லை. அதனால் தீ இல்லை என்று சொல்கிறார் ஹோல்கர். சைரன் வேலை செய்ததா என்று யாராவது பார்த்தார்களா?

"அடுத்தது பெர்லே" என்றார் ஹோல்கர். "மயக்கம் நீ குடுக்கிறியா, யெப்பே குடுக்கட்டுமா? விதிப்படி."

"உனக்காக எத்தனை நாய்க்கு ரத்தம் குடுத்தவ அவ!"

"அதனாலதான் அவளுக்கு நல்லது செய்றேன். காலைச் சாப்பாடு முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம். வெள்ளிக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம், மறந்துட்டியா? இன்னிக்கு ரொட்டி என் முறை."

*

ஆய்வகத்தில் ஊர்சா மட்டும் இருந்தாள். கழுத்தில் கம்பளித் துண்டு, காதில் பாட்டு. சிஸ்ஸெல் அவள் காதிலிருந்து ஒரு பொத்தானை உருவினாள்.

"ஹோல்கரோட ஆராய்ச்சி ரத்தநீர் மிச்சம் இருக்கா?"

"வந்ததும் வராததுமா! ஒரு வணக்கம் உண்டா, ஒரு கட்டிப்பிடி உண்டா? ஃபாரோவுல ஆட்டுக்கறி மட்டும்தான் குடுத்தாங்களா, மரியாதை குடுக்கலையா?"

"ஊர்சா. அவசரம்."

உறைபெட்டியிலிருந்து இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்று வலிமருந்து கொடுத்த நாய்கள், மற்றது கொடுக்காத நாய்கள். சிஸ்ஸெல் தட்டுக்கு ஒரு குழாயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். பனி கரைந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

முதல் குழாய் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது.

இரண்டாவது, ருபார்ப் என்ற சிவப்புக் கீரைத்தண்டு வேகவைத்த தண்ணீர் மாதிரி இளஞ்சிவப்பு.

இன்னொன்றை எடுத்தாள். இளஞ்சிவப்பு. இன்னொன்று. அதுவும். வலிமருந்து கொடுக்காத அந்தத் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. அடுத்த தட்டில் ஒன்றுகூட இல்லை.

"இது என்ன?"

"சிவப்பணு உடைஞ்சிருக்கு. ரத்தம் எடுக்கும்போது ஊசி சரியாப் போகலைன்னு ஹோல்கர் சொன்னாரு."

"ஒரு நாய்க்கு ஊசி சரியாப் போகாது. ரெண்டு நாய்க்குப் போகாது. ஒரு தட்டு முழுக்கவா? அதுவும் இந்தத் தட்டுக்கு மட்டுமா?" சிஸ்ஸெல் குழாயை மறுபடி வெளிச்சத்தில் திருப்பினாள். "இந்த நாய்களை எதைக் குடுத்துத் தூங்க வச்சாங்க? புரோபோஃபால் இல்லை. அந்தப் பால் மருந்து ரத்தத்தை இப்படிப் பண்ணாது. நம்ம அலமாரியில சிவப்பணுவை உடைக்கிற மயக்க மருந்து ஒண்ணே ஒண்ணுதான். இதயம் பலவீனமான நாய்க்குன்னு நான் தனியாப் பூட்டி வச்சிருக்கிறது. எட்டோமிடேட்."

"ஓ!" ஊர்சா கலகலவென்று சிரித்தாள். "அது அந்த ராஸ்பெர்ரி கேக்!"

"என்ன கேக்?"

"யெப்பேவோட தப்புக் கேக். புரோபோஃபால் வராம ஒரு வாரம் தட்டுப்பாடு. அவன் உன் பூட்டைத் திறந்து அதை எடுத்துக் குடுத்துட்டான். அந்த வாரம் பூரா அறுத்தது வலிமருந்து இல்லாத நாய்களைத்தான். அப்புறம்தான் அவனுக்கே உறைச்சுது. பாவம், வெள்ளிக்கிழமை கேக்கோட வந்து நின்னான். காது நுனி வரைக்கும் சிவப்பு!"

இங்கே வேலையிடத்தில் தப்புச் செய்தவர் கேக் வாங்கி வர வேண்டும். எல்லோர் முன்னாலும் நின்று தப்பைச் சொல்ல வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள், கை தட்டுவார்கள், ஆளுக்கொரு துண்டு எடுப்பார்கள். கடைசித் துண்டு போனதும் தப்பும் போயிற்று. அதற்குப் பிறகு அதைச் சொல்லிக் காட்டுகிறவன்தான் கேவலமானவன்.

"ஹோல்கர் அன்னிக்கு இருந்தாரா?"

"ரெண்டு துண்டு சாப்பிட்டாரு."

சிஸ்ஸெல் ஒரு இளஞ்சிவப்புக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். எட்டோமிடேட் தூங்க வைக்கும். இதயத்தைத் தொந்தரவு செய்யாது. ஆனால் அட்ரினல் சுரப்பியின் கையைக் கட்டிப் போட்டுவிடும். அதற்குப் பிறகு உடம்பு எத்தனை கதறினாலும் பல மணி நேரத்துக்குக் கார்ட்டிசால் சுரக்காது. மயக்கவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் பாடமே இதுதான்.

சைரனின் வயரை அறுத்துவிட்டுத்தான் தீயே இல்லை என்றிருக்கிறார்கள். கார்ட்டிசால் வெள்ளம் வராததால் அந்த வெள்ளணுக்களும் அடிபடாமல் நின்றிருக்கின்றன. வலிமருந்தை நிறுத்தியதன் பலன் என்று ஹோல்கர் மேடையில் சொல்லப்போவது அதைத்தான்.

"உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. ஏன் ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை?"

ஊர்சாவின் சிரிப்பு நின்றது. உண்மையாகவே புரியாமல் விழித்தாள்.

"கேக் சாப்பிட்டாச்சே, சிஸ்ஸெல்."

*

சாப்பாட்டு அறையில் உருண்டை ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, சூடான காப்பி. மருத்துவமனை மொத்தமும் நீள மேஜையைச் சுற்றி இருந்தது. சிஸ்ஸெல் உள்ளே வந்தாள். தலைமுடியில் மழை, கையில் எதிர்த்த பேக்கரியின் அட்டைப் பெட்டி. நடு மேஜையில் வைத்துத் திறந்தாள். ராஸ்பெர்ரி கேக், மேலே வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு, நடுவில் குச்சியில் செருகிய சின்னச் சிவப்பு வெள்ளைக் கொடி.

"ஆகா! வந்த முதல் நாளேவா!" யாரோ மேஜையைத் தட்டினார்கள். "சொல்லு சொல்லு! என்ன தப்பு?"

"என்னோடது இல்லை. ஹோல்கரோடது."

சிரிப்பலை. ஹோல்கரும் சிரித்தார். "நான் கேக் வாங்கலையே?"

"நான் வாங்கிட்டேன். நீ சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி." சட்டைப் பையிலிருந்து இளஞ்சிவப்புக் குழாயை எடுத்துக் கேக்கின் பக்கத்தில் நிற்க வைத்தாள். "அந்த நாய்களுக்கு எட்டோமிடேட் போச்சுன்னு உனக்குத் தெரியும். அது கார்ட்டிசாலை நிறுத்தும்னும் தெரியும். அப்புறமும் வலியே இல்லைன்னு எழுதிக் கம்பெனிக்கு அனுப்பின. சொல்லு, ஹோல்கர். எல்லாரும் காத்திருக்காங்க."

கத்தி வெண்ணெயில் குத்தி நின்றது.

"இது அநாகரிகம்" என்றார் ஹோல்கர், தாழ்ந்த குரலில். "யெப்பே அதுக்குக் கேக் குடுத்துட்டான். எல்லாரும் சாப்பிட்டோம். முடிஞ்ச கதையை இழுத்து ஒரு சின்னப் பையனை அவமானப்படுத்துறதா?"

மேஜையைச் சுற்றிப் பல தலைகள் அவருக்காக ஆடின. சிஸ்ஸெல் குழாயை இன்னும் முன்னால் தள்ளினாள்.

"யெப்பேவோட கேக் மருந்து மாறினதுக்கு. மாறினது தெரிஞ்சும் முடிவை மாத்தாம விட்டதுக்கு யாரு கேக் வாங்கினா? அந்த அட்டையைக் கதவுல ஒட்டினதுக்கு? மூஸ் விடிய விடிய நின்னதுக்கு? தோர்வால் பக்கத்து வீட்டு நாய் சோபாவுக்குக் கீழே கிடந்ததுக்கு? அதுக்கெல்லாம் எந்தப் பேக்கரியில சொல்லி வச்சிருக்க?"

"உணர்ச்சிவசப்படாதே."

"நான் படுறேன். அந்த ஆராய்ச்சி நாய்களால அதுகூட முடியலை. அதுங்களோட கார்ட்டிசாலையும் நீ பிடுங்கிட்ட!"

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. யெப்பே எழுந்து நின்றான். காது நுனி சிவந்திருந்தது.

"ஹோல்கர், அன்னிக்கு நான் உன்கிட்ட வந்து கேட்டேன். இந்த ரத்த முடிவையெல்லாம் தூக்கிப் போட்டுடணும்தானேன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

ஹோல்கர் காப்பிக் கோப்பையை இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு துண்டு எடுத்துக்கோன்னு சொன்ன." யெப்பே கேக்கைக் காட்டினான். "நானும் எடுத்துக்கிட்டேன்."

இந்த முறை ஒரு தலைகூட ஆடவில்லை. ஊர்சா கழுத்துத் துண்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹோல்கர் மெதுவாக எழுந்தார். "சரி. இதை அப்புறம் பேசலாம். பெர்லே காத்திருக்கா. சிஸ்ஸெலுக்கு இஷ்டமில்லைன்னா மயக்கத்தை யெப்பே குடுப்பான்."

"விதிப்படி மாட்டேன்" என்றான் யெப்பே.

"என்னது?"

"ஃபென்டனில் இல்லாம எந்த நாயையும் நான் தூங்க வைக்க மாட்டேன். சிஸ்ஸெலும் மாட்டா. வேணும்னா நீயே ஒரு கையில மயக்கம் குடு, இன்னொரு கையில அறு."

யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ஹோல்கரின் தாடிக்குள் தாடை இறுகியது. கேக்கைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார்.

"இந்த ஒரு நாய்க்கு என்ன வேணும்னாலும் குடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

தப்பைச் சொல்ல மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சிஸ்ஸெல் பின்னாலேயே போனாள். போகிற வழியில் கதவிலிருந்த அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தாள். ஒட்டுப்பசை மட்டும் நான்கு மூலையிலும் தங்கியது.

*

புரோபோஃபால் பால்போல் இறங்கியது. பெர்லேயின் கண்கள் மூடின. ஃபென்டனில் சொட்டுச் சொட்டாக ஓட ஆரம்பித்ததும் சிஸ்ஸெல் தலைமாட்டில் உட்கார்ந்து அதன் நாக்கின் நிறத்தைப் பார்த்தாள். வேண்டிய அளவு, அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. காவல்காரனும் பிழைக்க வேண்டும், நாயும் பிழைக்க வேண்டும். அந்த அளவைப் பிடிப்பதுதான் அவள் தொழில்.

ஹோல்கர் கத்தியை வைத்தார். அவர் கை சுத்தமான கை, அதில் குறை சொல்ல முடியாது. தொடை இடுக்குக்கு வந்ததும் கத்தி நின்றது. அவர் தலை தூக்கித் திரையைப் பார்த்தார். பெர்லேயின் இதயம் ஒரே சீராக, அவசரமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"என்ன பாக்கிற?" என்றாள் சிஸ்ஸெல்.

"ஒண்ணுமில்லை."

"இத்தனை வாரமா இந்த இடத்துல துடிப்பு எகிறிக் குதிச்சிருக்கும், இல்லையா? மயக்கத்துல இருந்த நாய்க்கு."

ஹோல்கர் குனிந்துகொண்டார்.

*

சாயங்காலம் தோர்வால் கூண்டுப் பக்கம் வந்தபோது பெர்லே ஒருக்களித்துப் படுத்திருந்தது. அவர் குரல் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே வாலை ஒரு தடவை தட்டியது. அவர் சட்டைப் பையிலிருந்து ஈரல் பசை ரொட்டியைப் பிய்த்து மூக்கருகே வைத்தார். நாக்கு நீண்டது. ரொட்டி மறைந்தது.

தோர்வால் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை, பொண்ணே. அந்த அறையில ஒரு கேக் அப்படியே இருக்கே? கிழவனுக்கு ஒரு துண்டு குடுக்கக்கூடாதா?"

சிஸ்ஸெல் திரும்பிப் பார்த்தாள். நீள மேஜை காலியாக இருந்தது. நடுவில் கேக், மேலே கொடி. ஒரு மூலைகூட வெட்டப்படவில்லை. நாள் முழுக்க எத்தனை பேர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்! இந்த மருத்துவமனையில் மத்தியானத்தைத் தாண்டிய கேக் இதுவரை கிடையாது.

"அதுல வேண்டாம், தோர்வால். வாங்க, எதிர்க்கடையில சூடா வாங்கித் தரேன்."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"கேக் நல்லாத்தான் இருக்கு."

அவள் கையில் பனிப்பெட்டி இருந்தது. அதற்குள் அந்த இளஞ்சிவப்புத் தட்டு. காப்பீட்டுக் கம்பெனிக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டாள். ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட விதியாச்சே என்று அங்கிருந்த பெண் தேன் ஒழுகச் சொன்னாள். நேரில் வந்து காட்டுகிறேன், கையில் பிடித்துப் பாருங்கள் என்றாள் சிஸ்ஸெல். நாட்டில் இன்னும் எத்தனை கதவில் அந்த அட்டை ஏறப் போகிறதோ.

"அப்போ அந்தக் கேக்கை என்ன பண்ணுவீங்க?" தோர்வாலுக்கு மனசு ஆறவில்லை. "குப்பையிலயா போடுவீங்க? பாவம்!"

"போட மாட்டேன்." சிஸ்ஸெல் விளக்கை அணைக்கவில்லை. கேக்கின் மேல் கண்ணாடி மூடியை மட்டும் எடுத்துக் கவிழ்த்தாள். "சொல்ல வேண்டியவர் இன்னும் சொல்லலை. சொல்ற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."